கேசிங்கின் உரித்து: தேசவழமை நோக்கில் ஒரு முன்னாய்வு

யாழ்ப்பாணத்தில் கணினியைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் புரொசசரையும் றாமையும் பற்றியே பேசுகிறார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் கேசிங்கை ஆராய ஒருவரும் முன்வரவில்லை. வீட்டிலேயே கணினி பூட்டும் பிள்ளைகள் விரும்பி வாங்கும் 'மிட் ரவர்' என்ற நடுத்தர உயரப் பெட்டி புலமையாளரின் கண்ணில் படவேயில்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இச்சிறு ஆய்வு. இதன் கருதுகோள் ஒன்றுதான்: கேசிங் கணினியின் உறுப்பு அன்று, காணி. ஆகவே அதற்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை செல்லும்.

காணி என்பதற்கு முதற்சான்று எல்லை அசையாமை. 1995 யூலையில் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போட்டின் அளவு 305 க்கு 244 மில்லிமீற்றர். பின்பக்கத் துவாரம் 158.75 க்கு 44.45. அட்டைக்கும் அட்டைக்கும் இடைவெளி 20.32. அதன்பின் எத்தனையோ புரொசசர்கள் வந்து போயின. இந்த அளவுகள் மட்டும் மாறவில்லை. அன்றைய பெட்டியில் இன்றைய போட்டையும் பூட்டலாம். எல்லைக்கல் இரவோடிரவாக நகரும் ஊரில் இப்படி ஓர் அசையாமை வியப்புக்குரியது. (அந்த ஆண்டு ஒக்டோபர் 30இல் போரினால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. அதற்கும் முன்பே குடாநாட்டில் மின்சாரம் இல்லை; சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். ஏ.ரி.எக்ஸ். இங்கே பிந்தி வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.)

இரண்டாம் சான்று பொருள்களின் போக்குவரத்து. புரொசசர் கனடாவிலிருந்து மாமாவின் பயணப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வரும். எஸ்.எஸ்.டி. சுவிசிலிருந்து சொக்கிளேற்றோடு வரும். கேசிங்கை மட்டும் ஒருவரும் கொண்டுவருவதில்லை. அதை யாழ்ப்பாண நகரத்தில் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வர வேண்டும். குடியிருப்பவர்கள் வெளிநாட்டார், நிலம் உள்ளூர் என்பது இதனால் பெறப்படும்.

இனி உரித்து. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07இல் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாக வகுக்கிறது. தொகுப்பைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். கேசிங்கையும் அவ்வாறே வகுக்கலாம். அண்ணன் கம்பஸ் முடித்துக் கொழும்புக்குப் போகும்போது விட்டுச்சென்ற பெட்டி முதுசம். மணமகளோடு வந்து, "அது அவளின்ர படிப்புக் கொம்பியூட்டர், ஒருத்தரும் தொடக்கூடாது" என்று மாமியார் காவல் காப்பது சீதனம். சிக்கல் மூன்றாவதில்தான். மணமான பின் உழைத்து வாங்கிய கேசிங் தேடிய தேட்டம். அதில் மனைவிக்குச் சரிபாதி உண்டு. எந்தப் பாதி? இடப்பக்கம் கண்ணாடி, வலப்பக்கம் தகரம். கணவன் கண்ணாடிப் பக்கத்தைத் தனக்கு எழுதிக்கொள்ள முனைவான் என்பதை ஊகிக்கச் சட்டப்படிப்புத் தேவையில்லை.

இந்தக் கண்ணாடிதான் புதிய பெட்டிகளின் பெரும் புரட்சி, எமக்குப் பெரும் இடர். கிடுகு வேலியும் அதன்மேல் தகரமும் அடித்து, முற்றத்தில் நடப்பதை அயலவர் பாராமல் காத்த சமூகம் இது. அந்தச் சமூகத்தின் பிள்ளை, உள்ளே நடப்பது முழுதும் தெரியும்படி வேலியைக் கண்ணாடியில் போட்டு, அதற்குள் வண்ண விளக்கும் எரிக்கிறான். தாயார் அதன்மேல் பூ வேலை செய்த துணி விரிக்கிறார். அவரே மரபின் காவலர். நடைமுறை இடரும் உண்டு. பதப்படுத்திய கண்ணாடியின் விளிம்பு தரையோட்டில் சற்றுத் தட்டினாலே முழுதும் நொறுங்கும். வீடுதோறும் ரைல்ஸ் போட்டாயிற்று. கழற்றினால் பாயில் வைக்கவும். வாணி விழாவில் சந்தனப் பொட்டை எங்கே இடுவது என்பதும் தீராத வினா. தகரத்தில் இட்டால் சாமிக்குத் தெரியாது, கண்ணாடியில் இட்டால் விசிறி மறையும்.

தூசியியல் இவ்வாய்வின் மிகச் செழிப்பான பகுதி. சோளகம் வீசும் மாதங்களில் முன்வலைச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் பெட்டியின் ஊரைச் சொல்லிவிடலாம். செந்தூசி என்றால் சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம். வெண்மணல் என்றால் மணற்காடு. சல்லடை சுத்தமாக இருந்து தகரத்தின் வெட்டு விளிம்பில் துரு ஏறியிருந்தால் கடலோரம்: தகட்டின்மேல் நாகப்பூச்சு உண்டு, வெட்டிய விளிம்பில் இல்லை, உப்புக்காற்று அங்கேதான் முதலில் கடிக்கும். இதிலிருந்து வாங்குவோருக்கு ஒரு விதி பிறக்கிறது. உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிட ஒன்று கூட இருக்க வேண்டும். இழுக்கும் வாய் எல்லாவற்றிலும் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை இருக்க வேண்டும். அப்போது காற்று சல்லடை வழியே மட்டும் நுழையும், இடுக்குகள் வழியே வெளியேறும். சல்லடை இல்லாமல் முன்பக்கம் முழுதும் துளையிட்ட அழகுப் பெட்டியைச் செம்மண் ஊரில் வாங்குபவர் தோட்டம் செய்யப்போகிறார் என்றே கொள்ளப்படும்.

திருகாணியில் இரு குலங்கள் உண்டு. பெரிய புரியாணி பக்கத் தகட்டுக்கும் ஹாட் டிஸ்க்குக்கும். எம்3 எனும் நுண்புரி ஆணி எஸ்.எஸ்.டி.க்கு. மாற்றி முறுக்கினால் புரி அழியும். எஞ்சியவற்றைப் பழைய மாத்திரைப் போத்தலில் போட்டு வைப்பது குடாநாட்டு மரபு.

கடைசியாக விற்பனை. 1947இன் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி, காணியை விற்கும் முன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்க வேண்டும். அது அசையாச் சொத்துக்கு மட்டும் என்று வழக்கறிஞர்கள் மறுப்பர். பத்து ஆண்டுகளாக மேசைக்குக் கீழே இருந்து, கூட்டும்போதுகூட நகர்த்தப்படாத பெட்டி அசையாச் சொத்தே. ஆகவே புதிய மிட் ரவர் வாங்கப் பழையதை விற்க எண்ணுவோரே, விளம்பரம் போடுமுன் தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் விற்றால் அவர் வழக்குப் போட்டுப் பெட்டியைத் தானே வாங்கிக்கொள்ளலாம்.