தங்கக் கார்டும் நாற்பத்திரண்டாம் வரிசையும்

மருமகனே, உன் பெட்டியில தொங்கின அந்தத் தங்க நிற அட்டையை ஊரே பார்த்தாச்சு. நம்ம உடப்பில தங்கம் என்றால் கழுத்தில கிடக்கும், இல்லாட்டி அடகுக்கடையில கிடக்கும். பெட்டிக் கைப்பிடியில கிடந்து இப்பதான் பார்க்கிறோம். உன் அம்மா அதை முந்தானையால துடைத்துவேற வைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் சின்னவன்தான் கேட்காமலே வந்து சொன்னான்: "நாங்க நாற்பத்திரண்டாம் வரிசை தாத்தா, கக்கூசுக்குப் பக்கத்தில." பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் பெருமையை லண்டனிலேயே பேசி முடித்துவிட்டு வரவேணும்.

கோபிக்காதே. எனக்கு இங்கிலீசு வராது, கணக்கு வரும்.

அடிக்கடி பறக்கிறவனுக்கு பிளேன் கொம்பனி கொடுக்கிற இந்தக் கார்டு வியாபாரத்தை 1981 இல் பெரிசாகத் தொடக்கி வைத்தது அமெரிக்கன் எயர்லைன்ஸ். நம்ம எயார் லங்கா பறக்கத் தொடங்கி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. யாருக்காகத் தொடக்கினான்? கந்தோர்க் காசில மாதம் நாலு தரம் பறக்கிற கோட்டுக்காரனுக்காக. டிக்கட்டுக்குக் காசு கொடுக்கிறது முதலாளி, எந்த பிளேன் என்று தீர்மானிக்கிறது கோட்டுக்காரன். அவன் அந்த பிளேன் கொம்பனியை விட்டுப் போகாமல் இருக்க, முதலாளி கண்ணில படாமல் ஒரு கையூட்டு. நல்ல மூளைதான். ஆனால் உனக்கு டிக்கட் போட்டது யார்? நீ. விடியக்காலை எழும்பி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. ஆக, உன் காசை எடுத்து உனக்கே லஞ்சம் கொடுத்து, வாங்கினதுக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறாய்.

சரி, கார்டு இருந்தால் முன்னுக்குத் தூக்கிப் போடுவான் என்கிறாய். எப்போ தூக்குவான்? லண்டனுக்கும் கொழும்புக்கும் நேரே பறக்கிற நம்ம ஸ்ரீலங்கன் ஏ330-300 ஐ எடுத்துக்கொள். முன்னால பிசினஸ் வகுப்பில 28 சீட், பின்னால 269. பின்னால சீட்டை மிஞ்சி டிக்கட் விற்றுவிட்டு, முன்னால ஒன்றிரண்டு காலியாகவும் கிடந்தால்தான் எந்தக் கொம்பனியும் ஆளைச் சும்மா தூக்கும். அப்பவும் வரிசை உண்டு. கூடின கார்டு, கூடின விலை டிக்கட், தனி ஆள், பிறகு மற்றது. நீ எப்போ வருகிறாய்? திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு, ஆடியில. அது லண்டனில பள்ளிக்கூட விடுமுறை. இல்லாட்டி மார்கழியில. அந்த இரண்டு காலத்திலயும் முன்சீட்டைக் காசு கொடுத்து வாங்க ஆள் நிற்கும். கார்டுக்காரரும் அப்போதுதான் கூட்டம் கூட்டமாக ஏறுவான்கள். வைகாசியில ஒரு செவ்வாய்க்கிழமை தனியே வந்து பார், சிலவேளை வாய்ப்பு இருக்கும். ஆனால் வைகாசியில உனக்கு இங்கே என்ன வேலை?

பறந்து சேர்த்த மைல்ஸைக் கொடுத்து முன்னுக்குப் போகலாம் என்றும் சொன்னாய். போகலாம்தான். ஆனால் டிக்கட்டில ஒற்றை எழுத்து ஒன்று ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டுப் பார். நீ இரவிரவாகத் தேடி வாங்கினாயே ஆக மலிவு டிக்கட், அந்த எழுத்துக்குப் பல கொம்பனியில மேலே ஏற அனுமதியே கிடையாது. மைல்ஸும் முழுசாகச் சேராது, கால்வாசி அரைவாசிதான். ஏறலாம் என்கிற எழுத்தை வாங்கினாலும், மைல்ஸுக்கென்று அவன் எத்தனை சீட்டைத் திறந்துவிட்டிருக்கிறான் என்று பார்க்கவேணும். தீமிதிப்பு நேரத்தில அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கும். இன்னொரு பக்கம் ஏலம். "எவ்வளவு தருவாய்?" என்று கடிதம் அனுப்புவான். சும்மா வரும் என்று நீ காத்திருக்கிற அதே சீட்டை, கார்டே இல்லாத ஒருத்தன் ஏலத்தில தூக்கிக்கொண்டு போய்விடுவான். அமெரிக்காவில உள்நாட்டுப் பறப்புக்குக் கார்டுக்காரருக்கு முன்சீட் சும்மா கொடுக்கிற வழக்கம் உண்டு. சமுத்திரம் தாண்டுகிற படுக்கைச் சீட்டுக்கு அந்தத் தாராளம் வராது.

ஒன்வேர்ல்ட் கூட்டணியில நம்ம ஸ்ரீலங்கன் சேர்ந்தது 2014 மே 1. அங்கே கார்டுக்குப் பேர் மாணிக்கம், நீலம், மரகதம். இரத்தினபுரிக்காரன்கூட இவ்வளவு தாராளமாகக் கல் கொடுக்கமாட்டான்.

இந்த நீலக்கல்லுக்காக வெள்ளைக்காரன் பட்ட பாட்டைக் கேள். பிரிட்டிஷ் எயர்வேஸில வெள்ளிக் கார்டு எடுத்தால் ஒன்வேர்ல்டில அது நீலம். முந்தி அதுக்கு 600 புள்ளி வேணும், அவனுடைய சொந்த பிளேனில நாலு தரம் பறந்திருக்கவும் வேணும். அதே கூட்டணியில இருக்கிற கட்டார் எயர்வேஸ் பிசினஸ் வகுப்பில 2,000 மைல் தாண்டின ஒவ்வொரு பறப்புக்கும் 140 புள்ளி கிடைத்தது. லண்டன் - தோகா தாண்டும். தோகா - கொழும்பும் 2,200 மைலுக்கு மேலே. போக இரண்டு, வர இரண்டு, ஆக 560. மிச்சத்துக்கு ஐரோப்பாவுக்குள்ள சில குட்டிப் பறப்பு. இதுக்காகவே கொழும்புக்கு வந்து, கடலில கால்கூட நனைக்காமல் திரும்பின ஆட்கள் உண்டு. நாங்கள் முன்னேசுவரத்துக்கு நேர்த்தி வைப்போம், அவன்கள் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வைத்தான்கள்.

பிறகு என்ன நடந்தது? 2025 ஏப்ரல் 1 இல் பிரிட்டிஷ் எயர்வேஸ்காரன் கணக்கையே மாற்றினான். அவனிடம் வாங்குகிற டிக்கட்டில வரி போக ஒரு பவுணுக்கு ஒரு புள்ளி. வெள்ளிக்கு 7,500, தங்கத்துக்கு 20,000. தூரம் பறந்தவனுக்கு மவுசு போய், காசு கொட்டினவனுக்கு வந்தது. தன் காசில வருஷத்துக்கு ஒரு நெடும்பயணம் போகிற குடும்பஸ்தன் நடுக்கடலில நின்றான். நம்ம கரைவலையில யாருக்கு எத்தனை பங்கு என்கிறதைத் தோணி இறங்கமுந்தியே பேசிவிடுவோம். பாதி வலை இழுக்கும்போது சம்மாட்டி பங்கை மாற்றினால் கயிறு மணலில கிடக்கும், வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாப் பாட்டில அடுத்த தரம் அவன் பேரும் வரும். உங்கள் கொம்பனி மாற்றினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? புதுக் கணக்குக்கு எத்தனை தரம் பறக்கவேணும் என்று கல்குலேட்டரைத் தட்டுகிறீர்கள்.

கார்டில ஒரு பயனும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நியாயம் பேசவேணும். பொதி ஏற்றுகிற இடத்தில நீண்ட வரிசையில நில்லாமல் பக்கத்து மேசைக்குப் போனாய், நல்லது. பிளேன் தாமதித்தால், தவறினால், உன்னை முதலில கவனிப்பான் என்கிறார்கள், அதுவும் பெறுமதிதான். உன் கார்டு மாதிரி நீலக்கல்லோ அதுக்கு மேலேயோ இருந்தால் மலிவு டிக்கட்டிலயும் லவுஞ்சுக்குள்ள விடுவான். உன்னோடு ஒரு விருந்தாளி. ஒன்று. நீங்கள் நாலு பேர். நடுவழி எயார்போட்டில நடந்ததையும் சின்னவன் சொல்லிவிட்டான். நீயும் பெரியவனும் உள்ளே சோபாவில இருந்து கோப்பி குடித்தீர்களாம். உன் பெஞ்சாதியும் அவனும் வெளியே தரையில இருந்து பிஸ்கட் தின்றார்களாம். அடே, கார்டைக் கொடுத்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு நீ வெளியே இருந்திருக்கலாமே? கார்டில உன் பேர்தான் இருக்கு, நீ இல்லாமல் அவளை விடமாட்டான் என்கிறாயா? அப்படியென்றால் நாலு பேரும் வெளியே இருந்து ஒரே பிஸ்கட்டைப் பிய்த்துத் தின்றிருக்கவேணும்.

முன்சீட் ஒன்றே ஒன்று கிடைத்தால் என்ன செய்வாய் என்று யோசித்தாயா? மணிக்கணக்கான பயணம். நீ முன்னால காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, அவள் நாற்பத்திரண்டில இரண்டு பிள்ளைகளோடு. மேலே தூக்காமல் விட்டானே, அந்தக் கொம்பனிக்காரன் உன் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவனுக்கு ஒரு கும்பிடு போடு.

அதனால மாமன் சொல்கிறதைக் கேள். கார்டுக்காக ஒரு டிக்கட்டும் வாங்காதே. சுற்றுவழி கூடப் போகாதே. தற்செயலாகச் சேர்ந்தால் சேரட்டும். இவ்வளவு காலமும் கார்டுக்குக் கூட்டிக் கொடுத்த காசை ஒரு கொப்பியில எழுதிக் கூட்டிப் பார். ஒரு தரம் நாலு பேரும் முன்னால வர அது போதுமோ என்னவோ. கூட்டுகிறபோது பெஞ்சாதி பக்கத்தில இல்லாமல் பார்த்துக்கொள்.

கார்டுக்குக் கூடுதல் கிலோ தருவான் என்று சொன்னாய் பார், இவ்வளவு பேச்சிலயும் எனக்குப் பிடித்தது அதுதான். திரும்பிப் போகிற நாளை நேரத்தோடு சொல்லு. கட்டாக் கருவாடு நல்லாக் காயவேணும், நெத்தலி உன் அத்தை சுத்தம் பண்ணி வைப்பாள். மூன்று சுற்றுப் பொலித்தீன் போட்டுக் கட்டித் தருகிறேன். அந்தத் தங்க அட்டையை அந்தப் பெட்டியில மட்டும் மாட்டாதே, மணம் ஏறினால் போகாது.