மீசை வைத்த அத்தை

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். எங்கள் வட்டத்தில் அந்த விதி செல்லாது. முறுக்கு மீசை, தொப்பை, வங்கியில் இருபது வருட சர்வீஸ், கையில் மடக்குக் குச்சி, ராத்திரியிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருந்தும் அவர் அத்தைதான். மாற்றுத்திறனாளியாகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருக்கிற ஆண்கள் நாலு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் போதும், ஐந்தாவதாக ஓர் அத்தை தானாக முளைத்துவிடுவார். சென்னையில் ஒருவர் இருப்பார், மதுரையில் ஒருவர் இருப்பார், பெங்களூர்த் தமிழர்களைக் கேட்டால் அங்கேயும் ஒருவரைக் காட்டுவார்கள். குரல்தான் வேறு. வாய் ஒன்றே.

அத்தையாவதற்கு எழுதப்படாத தகுதிகள் உண்டு. பெரும்பாலும் பார்வையற்றவராக இருப்பார். என்னைப் போன்ற போலியோக்காரர்கள் அந்தப் பதவிக்கு லாயக்கில்லை. எங்களுக்குச் சட்டென்று கோபம் வரும், காலில் மாட்டிய காலிப்பர் வேறு கடிக்கும். அத்தைமார்கள் விடுதியில் வளர்ந்தவர்கள். பாளையங்கோட்டையில் 1890 முதல் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. பூந்தமல்லியில் அரசுப் பள்ளி இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் கொசுவையும் ரேடியோவையும் விட்டால் வேறு துணையில்லாத விடுதிகளில் மிமிக்ரி என்பது ஒரு பாடம் மாதிரிதான். வார்டன் இருமுவதிலிருந்து சிவாஜி அழுவது வரை அத்தைக்கு அத்துப்படி. குழுவில் யார் பொய் சொன்னாலும் அவனுடைய குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவார். மானம் போய்விடும்.

புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் முதலில் அத்தையின் நேர்காணல். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் என்கிறது. அத்தையின் முதல் கேள்வியும் அதிலிருந்துதான்.

“எத்தனை பர்சென்ட்ல?”

“அறுபது, அத்தை. கால்.”

“அது டாக்டர்மாரு குடுத்தது. இதுல எத்தனை?”

“எதுல அத்தை?”

“நீ எதுக்குல இங்க வந்திருக்க?”

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நூறு, அத்தை” என்றான்.

“அப்ப கார்டுல மொத்தம் நூத்தி அறுபதுன்னு திருத்தி வாங்கிக்க. பஸ்ல ரெண்டு சீட்டு கேக்கலாம்.”

குழுவின் பெயரை நான் இங்கே சொல்லக் கூடாது. போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பு மாதிரி ஒரு பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் பலருக்குப் போனை எடுத்துக் கொடுப்பதே அம்மாதான். திரையில் என்ன வந்தாலும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அதனால் சந்தேகம் வராமலிருக்க அத்தை தினமும் காலையில் பத்துப் பொது அறிவுக் கேள்விகளைப் போட்டுவிடுவார். வைகை எங்கே உற்பத்தியாகிறது, முதல் ஐந்தாண்டுத் திட்டம் எப்போது தொடங்கியது, இப்படி. கேள்விகளுக்கு நடுவே காதல், சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கும். இந்த ஏற்பாட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஒரு பையன் குரூப் 4 தேர்வில் நிஜமாகவே பாஸாகிவிட்டான். அவனுடைய அம்மா போன் போட்டு, “உங்க கோச்சிங்காலதான் சார் எம்புள்ள இந்த நிலைமைக்கு வந்தான்” என்று நெகிழ்ந்தார். அத்தை தொண்டையைச் செருமி, “எங்க கிளாஸ்ல பையன் ரொம்ப ஆர்வமாக் கலந்துக்குவான்மா” என்றார்.

குழுவில் சட்டதிட்டங்கள் உண்டு. குரல்பதிவு போட்டால் காது கேளாதவர்களுக்காக அதன் சாரத்தை எழுத வேண்டும். படம் போட்டால் பார்வையற்றவர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். “பாவம்” என்ற சொல்லுக்கு ஐம்பது ரூபாய் அபராதம். “உங்களைப் பார்த்தால் எனக்குத் தன்னம்பிக்கை வருகிறது” என்றால் நூறு. வசூலாகும் பணம், சந்திப்புகளுக்கு ஆட்டோவில்தான் வர முடிகிற ஆட்களுக்குப் போகும். வீட்டார் ஒரே நாளில் சொல்லும் “பாவம்” எல்லாவற்றுக்கும் வசூலித்தால் கார் வாங்கலாம் என்பது அத்தையின் கணக்கு.

இதில் படவிளக்கம்தான் ஏழரை. சக்கர நாற்காலிப் பையன் ஒருவன் தன் செல்ஃபியைப் போட்டு, “நீலச் சட்டை, நல்ல சிவப்பு, நல்ல உயரம், கூர்மையான மூக்கு” என்று எழுதியிருந்தான். அத்தைக்கு இரண்டாவது டாக்டரிடம் காட்டாமல் திருப்தி வராது. பார்வையுள்ளவர்களில் மகா வம்புக்காரனாகப் பார்த்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் எழுதிய அறிக்கை: “சட்டை நீலம்தான் அத்தை. மத்ததெல்லாம் தேர்தல் வாக்குறுதி.”

அத்தை விடவில்லை. “உயரம்னியே, உக்காந்தா, நின்னா?”

“நான் எப்ப அத்தை நின்னிருக்கேன்?”

“பொறவு உயரத்தை ஏம்ல எழுதுத? அகலத்தை எழுது. கதவுக்குள்ள நுழையுமான்னு பாக்கவாண்டாமா?”

ஒரு மணி நேரம் இப்படிப் பையனைப் பிழிந்து காயப்போட்ட பிறகு, வம்புக்காரனுக்குத் தனியாக ஒரு குரல்பதிவு போனதாம். “ஏல, சிரிக்கானா?” என்று அதில் ஒரே கேள்வி. சிரிக்கிறான் என்றதும், “சிரிச்சா எப்படி இருக்கான், அதை எழுது” என்றாராம். அதை எழுத இவன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து வம்புக்காரனும் அந்தப் பையனும் சேர்ந்து பீச்சுக்குப் போனார்கள். தரகுக் கமிஷன் என்று அத்தை ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா கேட்டு வாங்கினார்.

அத்தையின் சொந்த அனுபவங்களில் 29சி பஸ் கதைக்கு நிகரில்லை. பார்வையற்றவர்களின் போன் திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். பொம்மைக் குறிகளையும் விடாமல் பெயர் சொல்லிப் படிக்கும். கூட்டத்தில் அத்தையின் இயர்போன் கழன்று விழுந்த நேரத்தில் ஓர் ஆள் கொஞ்சம் கொச்சையாகக் கொஞ்சி அனுப்பியிருக்கிறான். போன் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “கத்திரிக்காய், கத்திரிக்காய், கத்திரிக்காய், கண்ணடிக்கும் முகம்” என்று ஓதிற்று. பக்கத்துச் சீட்டு அம்மாள் கரிசனத்தோடு, “கிலோ என்ன விலைக்குப் போடறான் தம்பி?” என்று கேட்டார். அத்தை பதறவில்லை. “போன்ல எல்லாரும் பெருசாத்தாம்மா சொல்லுவான். நேர்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். அந்த அம்மாள் அதை ஆமோதித்து, கோயம்பேட்டில் தான் ஏமாந்த கதையைப் பெசன்ட் நகர் வரை சொல்லிக்கொண்டு வந்தாராம்.

உலகம் எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவர்களுக்கு அந்த எண்ணமெல்லாம் இருக்காது. இந்த ஒரு முடிவால் நாங்கள் அடைந்த நன்மைகள் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல கையும் காலும் உள்ள தன்பாலீர்ப்பாளன் முப்பது வயதானால் ஜாதகத்துக்குப் பயந்து துபாய்க்கு ஓட வேண்டியிருக்கிறது. எங்களிடம் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. அத்தையும் மாமாவும் (அத்தை இருந்தால் மாமா இல்லாமலா?) பட்டப்பகலில் ரங்கநாதன் தெருவில் கையைக் கோத்துக்கொண்டு நடப்பார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிடும். ஒரு பெரியவர் மாமாவின் தலையில் கை வைத்து, “கண்ணில்லாதவனைக் கூட்டிட்டுப் போறியே, உனக்குக் கோடிப் புண்ணியம்டா ராசா” என்று வாழ்த்தினார். மாமா வெட்கப்பட்டார். “காதலுக்குக் கண்ணில்லன்னா எல்லாவனும் பாட்டுப் பாடுவான். நான்லா சர்டிபிகேட்டோட வந்திருக்கேன்” என்பார் அத்தை.

சட்டம் பேச ஆரம்பித்தாலும் அத்தைக்கு இதே வாய்தான். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பழையபடி முடிந்துவைத்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் அவிழ்த்துவிட்டது. “ஒம்பது வருசத்துல சட்டம் மூணு தடவை பொரண்டு படுத்திருக்கு. எங்க தெருப் பிளாட்பாரத்துல நிக்க டிரான்ஸ்பார்மர் ஒரு இஞ்சு நகந்திருக்கா?” என்று கேட்டார். மெரினாவில் சக்கர நாற்காலிகளுக்காக மரப்பாதை திறந்தது 2022 நவம்பர் 27-இல். டிசம்பரில் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள் என்பது வேறு விஷயம். பெயர்ந்த செய்தி வந்து எல்லாரும் துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது அத்தை அறிவித்தார்: “நம்மளாலதான் கடலம்மாவைத் தேடிப் போவ முடியல. பாதை போட்டதும் அவளே தேடி வந்துட்டா. இதைப் போயி சேதம்ங்கிறீகளே.”

ஆனால் 2018 தீர்ப்பு நாளன்று அத்தையையும் ஒருவன் வாயடைத்தான். தசைச் சிதைவு நோயால் விரல்களைத் தவிர எதையும் அசைக்க முடியாத பையன் அவன். டிவியில் இனிப்பு ஊட்டிக்கொள்கிறார்கள், குழுவில் வாழ்த்து குவிகிறது, இனி படுக்கையறைக்குள் போலீஸ் வரக் கூடாது என்று எவரோ எழுத, அவன் கேட்டான்: “எங்கம்மா வரக் கூடாதுன்னா எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?”

சிரித்துத் தீர்த்தார்கள். அத்தை அன்றைக்கு அவனைப் பதிலுக்குக் கிண்டல் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவுக்குப் போன் செய்து, பயிற்சி வகுப்பில் வாய்மொழித் தேர்வு தொடங்குவதாகவும், இரவு ஒன்பது முதல் பத்து வரை பையன் அறையில் தனியாக இருக்க வேண்டும் என்றும், கதவைச் சாத்திவிட வேண்டும் என்றும், நடுவில் யார் வந்தாலும் மதிப்பெண் குறையும் என்றும் வாத்தியார் குரலில் சொன்னார். கழுத்து வலித்தால் கூப்பிட ஒரு காலிங் பெல்லையும் மாட்டித் தரச் சொன்னார். அந்த வாய்மொழித் தேர்வு இன்றுவரை நடக்கிறது. பையன் யாரிடம் என்ன ஒப்பிக்கிறான் என்று அத்தையிடம் கேட்டேன். எனக்கு ஐம்பது ரூபாய் அபராதம் போட்டார், காரணம் சொல்லாமல்.

அத்தையிடம் குறை இல்லாமலில்லை. ரகசியம் தங்காது. “யார்கிட்டயும் சொல்லாத” என்று தொடங்கும் குரல்பதிவு இரவுக்குள் எல்லாரிடமும் சொல்லப்பட்டிருக்கும். தன் மிமிக்ரிக்குச் சிரிக்காதவர்களைப் பிடிக்காது. அதனால் காது கேளாத தம்பிகளிடம் ஆரம்பத்தில் கொஞ்சம் பாராமுகமாகவே இருந்தார். அவர்கள் சும்மா விடவில்லை. சைகை மொழியில் ஆளுக்கொரு பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அத்தைக்கும் ஒன்று வைத்தார்கள்: ஒரு கையால் மீசையை முறுக்கி, மறு கையால் இடுப்பில் ஒரு வெட்டு வெட்டி, தொப்பையைத் தட்ட வேண்டும். சந்திப்புகளில் அத்தை பேசப் பேச, ஒரு மூலையில் ஆறேழு பேர் மீசையை முறுக்குவார்கள். பார்வையுள்ள நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். தன் நகைச்சுவைக்குத்தான் இந்தச் சிரிப்பு என்று அத்தை மாதக்கணக்கில் பூரித்துப்போயிருந்தார்.

கடைசியில் ஒரு தம்பிக்கே மனசு கேட்கவில்லை. அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, ஒன்றை மீசைக்கும் ஒன்றை இடுப்புக்கும் கொண்டுபோய், வெட்டவைத்து, தொப்பையில் இறக்கினான். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். மறுபடி தானே செய்து பார்த்தார். “இடுப்பை இன்னும் நல்லா வெட்டணும்ல. இவ்வளவு கஞ்சத்தனமா வெட்டுனா நான்னு எப்படித் தெரியும்?” என்று திருத்தம் சொல்லி, அவன் கையைப் பிடித்து வெட்டியும் காட்டினார். இப்போது குழுவுக்கு வரும் வீடியோ எல்லாவற்றிலும் அதுதான் அவருடைய கையெழுத்து.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தபோதும் அத்தை அசரவில்லை. ரயிலில் பார்வையற்றவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. “கோர்ட்டு குடுக்காட்டி என்னல? நம்ம ஜோடிக்கு ரயில்வேக்காரன் வருசா வருசம் முக்கால் பங்கு சீர் செய்யான்” என்பார். ஊர்க் கொடைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில்தான் போவார்கள். போன தடவை புதிதாக வந்த ஓர் இளம் டிடிஇ சலுகை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமாவைக் காட்டிக் கேட்டாராம்.

“எஸ்கார்ட் இவர்தானா? உங்களுக்கு என்ன வேணும்?”

“அதைத்தான் சார் நானும் பத்து வருசமா இவன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் அத்தை. “இன்னும் சொல்ல மாட்டேங்கான். நீங்க யூனிபாரத்துல இருக்கீக, நீங்களே கேளுங்க.”

டிடிஇ மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி, செங்கல்பட்டு வந்துவிட்டதா என்று பார்க்க ஆரம்பித்தார்.