அந்தக் கடை இல்ல, பக்கத்துக் கடை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வெளியூர்க்காரர் யாரும், “இங்க நல்ல சாப்பாடு எங்கங்க கிடைக்கும்?” என்று வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சாப்பாடு கிடைப்பதற்கு முன்னால் அண்ணாச்சி கிடைத்துவிடுவார். அதற்குப் பிறகு சாப்பாடு அவர் இஷ்டம்.

அண்ணாச்சி என்றால் ஒரே ஆள் அல்ல. தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். ஏதோ ஓர் ஆபீசில் ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு பெறும்வரை பொறுக்க முடியாமல் இப்போதே பதினொன்றரை மணிக்கு ஆபீசை விட்டு இறங்குகிறவர். ஸ்கூட்டர் டிக்கியில் எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று எப்போதும் கிடக்கும். எந்த நேரத்தில் எங்கே நல்ல பாயசம் அகப்படும் என்று யார் கண்டது?

யாரோ சொல்லக் கேட்டு நீங்கள் ஓர் ஓட்டலின் பெயரைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

“அங்கயா சார் போறீங்க? அது சும்மா பேருதான். அந்தக் கடை இல்ல, பக்கத்துக் கடை.”

பக்கத்துக் கடைக்கும் போயாயிற்று என்றால் விட்டுவிட மாட்டார். “காலையிலயா, சாயங்காலமா?” காலையில் என்றால், அது சாயங்காலக் கடை. சாயங்காலம் என்றால், நாலு மணிக்கு முன்னால் போயிருக்க வேண்டும். மூன்றரைக்கே போனேன் என்று நீங்கள் அடித்துச் சொன்னால் கடைசி அஸ்திரம் புறப்படும். “போன மாசமா? மாஸ்டர் மாறிட்டாருல்லா!” எவ்வளவு பெரிய கடையையும் இந்த ஒரு வரியால் இழுத்துப் பூட்டிவிடலாம்.

அவரோடு காலைப் பலகாரத்துக்குப் போவது ஒரு கடையில் முடிகிற காரியம் இல்லை. புட்டும் பயறும் பப்படமும் ஒரு கடையில். ஆனால் அங்கே சாயா குடிக்கக் கூடாது. சாயாவுக்குச் செட்டிகுளம் பக்கம் போக வேண்டும். அங்கே ஏத்தம்பழ பஜ்ஜி கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து உங்களைப் பார்க்கும். நீங்கள் அதைப் பார்க்கக் கூடாது. பஜ்ஜிக்கு வேறு இடம் இருக்கிறது. ரசவடைக்கு இன்னொரு இடம். இப்படி ஊரைச் சுற்றி முடிக்கும்போது மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும். கோட்டாறு, மீனாட்சிபுரம், மணிமேடை, வேப்பமூடு எல்லாம் அவருக்குப் பேருந்து நிறுத்தங்கள் அல்ல, பலகாரங்களின் பெயர்கள்.

ரசவடையை அவர் சாப்பிடுகிற விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கிண்ணம் வந்ததும் தொட மாட்டார். குனிந்து ஒரு மோப்பம். நல்லமிளகு, சீரகம், காயம் மூன்றும் தனித்தனியே மூக்குக்கு வந்து சேர வேண்டும். பிறகு ஸ்பூனின் முதுகால் வடையின் நடுவில் ஓர் அழுத்து அழுத்துவார். வடை உடையக் கூடாது. ஆனால் அழுத்திய இடத்தில் ரசம் சுரக்க வேண்டும். ஓரத்தில் சுரந்து நடுவில் சுரக்கவில்லை என்றால், ஆள் வந்து உட்கார்ந்ததும் முக்கியெடுத்த வடை என்று அர்த்தம். “இது ரசவடை இல்ல சார், குளிச்ச வடை.” சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணத்துக்குக் கை காட்டுவார். கண்டனத்துக்கும் இரண்டாவது கிண்ணத்துக்கும் நடுவே ஒரு முரண்பாடு இருப்பதாக அவருக்கு இதுவரை தோன்றியதில்லை. கிண்ணத்தைச் சரித்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டுத்தான் தீர்ப்பு வரும். “ஒண்ணுக்கும் கொள்ளாது.”

ஒன்றைச் சொல்ல வேண்டும். பில் வருகிற நேரத்தில் கை கழுவப் போகிற ஆள் அல்ல அண்ணாச்சி. நீங்கள் பர்ஸை எடுத்தால் கோபித்துக்கொள்வார். எல்லாக் கடையிலும் அவர்தான் கொடுப்பார். குறை சொல்கிற உரிமையைக் காசு கொடுத்து வாங்குகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மதியம் இலை போட்டதும், “சம்பாவா, வெள்ளையா?” என்று கேட்பார்கள். வெள்ளை என்று சொல்கிற விருந்தாளியை அண்ணாச்சி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேசும்போது, “பாவம், நல்ல மனுசன்தான்” என்று ஆரம்பிப்பார். அவியல் விழுந்ததும் சோறு வரும்வரை காத்திருக்காமல் விரலால் கிளறி ஆஜர் எடுப்பார். சேனை உண்டா? வாழைக்காய், முருங்கைக்காய், வழுதலங்காய், புடலங்காய், வெள்ளரிக்காய் எல்லாம் வந்திருக்கிறதா? விரல் நீளத்துக்கு நறுக்கியிருக்கிறதா? தேங்காயை மையாக அரைத்தார்களா, ஒன்றிரண்டாகச் சதைத்தார்களா? இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டுக் கறிவேப்பிலை போட்டார்களா, அல்லது கடுகு தாளித்துக் குடியைக் கெடுத்தார்களா? புளிப்பு மாங்காயிலிருந்து வர வேண்டுமா, தயிரிலிருந்தா, புளியிலிருந்தா என்ற வழக்கு மாவட்டம் முழுக்க நிலுவையில் இருக்கிறது. பெண் எடுத்த வீடும் பெண் கொடுத்த வீடும் அதில் ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை.

கேரட் அகப்பட்டால் இரண்டு விரலால் எடுத்து இலைக்கு வெளியே வைத்துவிடுவார். உருளைக்கிழங்கு என்றால் பரிமாறுகிற பையனையே கூப்பிடுவார்.

“தம்பி, இது என்ன?”

“அவியல்.”

“அது தெரியும்டே. அவியலுக்குள்ள இது என்னன்னு கேட்டேன்.”

பையனுக்கு ஊர் அசாம். அவியல் என்கிற சொல் மட்டும்தான் அவன் காதில் விழும். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி வைத்துவிட்டுப் போவான். அண்ணாச்சி அதையும் சாப்பிடுவார்.

சென்னை விருந்தாளி பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்தது என்று நினைத்து இலையை மடிக்கப் போவார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துவிடுவார். பருப்பு, சாம்பார், அதற்கு மேல் பாயசம், பாயசத்துக்கும் மேலே ரசம், மோர். இங்கே விருந்து அந்த வரிசையில்தான் போகும். “பாயசத்தோட எந்திரிச்சா நெஞ்சுக்குள்ளயே நிக்கும் சார். ரசம் வந்துதான் அதக் கீழ இறக்கும்.”

அவருடைய சரித்திரம் 1956 நவம்பர் 1ஆம் தேதியில் இரண்டாகப் பிளக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் அது. நேசமணி முன்னால் நின்று போராடி வாங்கிய இணைப்பு. அதில் அண்ணாச்சிக்குப் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் சாம்பார் அன்றோடு போயிற்று என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. போற்றிமார் ஓட்டல் நடத்திய காலத்துச் சாம்பாரைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். அவர் பிறந்தது 1962இல். “கெழக்க ஆரல்வாய்மொழி தாண்டினா அவியல் கிடையாது, மேற்க களியக்காவிளை தாண்டினா காப்பி கிடையாது. நடுவுல நாம ரெண்டையும் வச்சிருந்தோம். இப்ப நடுவுலயும் ரெண்டும் கிடையாது.”

மீன் விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய்த்திருக்கிற பூகோளம் தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சலும் முட்டமும் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்தில் ஒரு கடலைப் பூட்டினால் இன்னொரு கடல் திறந்திருக்கும். அண்ணாச்சி மே மாதம் குளச்சல் மீன் சாப்பிடுவார், ஜூலையில் சின்னமுட்டம் மீன் சாப்பிடுவார். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டும் பூட்டு. வள்ளத்து மீன் அப்போதும் கொஞ்சம் கரைக்கு வரத்தான் செய்யும். அதன் விலையைக் கேட்டதும் அண்ணாச்சி விரதம் ஆரம்பித்துவிடுவார். என்ன விரதம் என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் யூடியூப் வந்து விழுந்தது. அண்ணாச்சி பத்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு சந்துக் கடை இருந்தது. போர்டு கிடையாது, நாலே பெஞ்சு. கிழங்கும் மீனும் மட்டும். தனக்கு வேண்டியவர்களை மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். போகிற வழியைக்கூடச் சுற்றித்தான் காட்டுவார். ஒருநாள் தொப்பி போட்ட ஒரு பையன் வந்து மைக்கை நீட்டி, கண்ணை உருட்டி, “வேற லெவல் மக்களே” என்று சொல்லிவிட்டுப் போனான். மறு ஞாயிற்றுக்கிழமை மதுரை வண்டி, திருச்சி வண்டி, இரண்டு கேரளா வண்டி. அண்ணாச்சிக்கு உட்கார பெஞ்சு இல்லை. வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். கேட்டவர்களிடம், “அங்க இப்ப ஒண்ணும் இல்ல. மாஸ்டர் மாறிட்டாரு” என்றார். மாஸ்டர் கடையின் உரிமையாளரேதான். உள்ளே அடுப்படியில் வியர்த்து ஒழுக நின்றுகொண்டிருந்தார்.

தனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிந்துவிட்டால் அதில் ருசி இருக்காது என்பது அண்ணாச்சியின் கட்சி. கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் இதே பாடுதான். “எனக்குப் பல்லு முளைக்கதுக்கு முன்னால மட்டிப்பழத்தத்தான் பிசைஞ்சு குடுத்தாங்க. சர்க்காருக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு” என்றார். அந்த வருஷத்திலிருந்து மட்டிக்கு மணம் குறைந்துவிட்டது என்றும் சொல்லி வருகிறார்.

அவருடைய தங்கச்சி மகன் ஒருவன் தான்சானியாவில், தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறான். ஊர்ப் பையன்கள் துபாய்க்கும் குவைத்துக்கும் போனால் இவன் கொஞ்சம் தள்ளி இறங்கிவிட்டான். ஒரு சாயங்காலம் அங்குள்ள கோகோ பீச்சிலிருந்து வீடியோ காலில் வந்து தட்டைக் காட்டினான். பொரித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே மிளகாய்ப்பொடி, எலுமிச்சைச் சாறு.

“மாமா, நம்ம கிழங்குதான். இங்க முஹோகோம்பாங்க.”

“பொரிக்கதுக்காடே கிழங்கு? உப்புப் போட்டு அவிச்சு வெள்ளத்த வடிச்சு எடுக்கணும். மீன் இல்லியா?”

மீனும் இருந்தது, தேங்காய்ப்பாலில். பக்கத்துத் தட்டில் வாழைக்காய். அந்தக் கடற்கரை முழுக்கத் தேங்காயும் கிழங்கும் வாழையும் மீனும்தான் சாப்பாடு என்றும், காலையில் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தொட்டுக்கொள்வார்கள் என்றும் பையன் சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் முகம் கறுத்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவன் அவியல் செய்யாமல் இருப்பான் என்றால் அவரால் நம்ப முடியவில்லை.

“மரச்சீனி தென்னமெரிக்காவுல இருந்து வந்தது மாமா. போர்ச்சுகீசியன்தான் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டு போனான், நமக்கும் கொண்டு வந்தான்.”

“போடே. மரச்சீனி விசாகம் திருநாள் மகாராஜா கொண்டு வந்தது.”

மகாராஜா ஆண்டது 1880 முதல் 1885 வரை. கிழங்கு அதற்கு முன்பே கடல் தாண்டி வந்துவிட்டது. அதை ஜனங்கள் நம்பிச் சாப்பிட அவர் பாடுபட்டார் என்பது உண்மை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். இதையெல்லாம் அண்ணாச்சியிடம் யார் சொல்வது? அவர் திரைக்குள் மூக்கை நுழைக்கிற அளவுக்குக் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குழம்பு மஞ்சளா கிடக்கு. குடம்புளி போட்டானாடே?”

“மாமா, இது ஆப்பிரிக்கா.”

“இருக்கட்டும். கேட்டுப் பாரு.”

வீட்டில் மட்டும் அண்ணாச்சி வாயைத் திறப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை புளிசேரியில் தேங்காய் கூடிப்போயிற்று என்று சொன்னாராம். மறுநாள் காலையில் தேங்காயும் துருவியும் அவருடைய நாற்காலிக்கு முன்னால் இருந்தன. அதிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவருக்குக் கருத்து எதுவும் கிடையாது. ஓட்டல்களில் அவர் அளந்து பார்க்கிற அவியலும் துவட்டலும் எரிசேரியும் எந்த அடுப்பிலிருந்து வந்தவை என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கல்யாண நாளுக்கு மனைவியை, அதாவது நமக்கு அக்காவை, அழைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். ஏ.சி. அறை. பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். மெனு அட்டையை அவர் வாங்குவதற்கு முன்னால் அக்கா வாங்கிவிட்டார். வழக்கமாக அந்த அட்டையை அக்காவின் கைக்கே விட மாட்டார். அன்றைக்கு நாள் அப்படி.

“நாண் நாலு. பன்னீர் பட்டர் மசாலா ஒண்ணு. கோபி மஞ்சூரியன் ஒண்ணு.”

“இங்க மத்தியானம் சம்பாச் சாப்பாடு உண்டு…” என்று இழுத்தார் அண்ணாச்சி.

“கேட்டேளா, முப்பத்தஞ்சு வருசமா நான் அவியல் வச்சிட்டு இருக்கேன். ஓட்டலுக்கு வந்தும் அதையேவா திங்கணும்?”

நாண் வந்தது. அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துண்டு பிய்த்தார், மசாலாவில் தொட்டார், கண்ணை மூடி வாயில் போட்டார். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டுக்குப் பிறகு பரிமாறுகிறவரை விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, முந்திரிப்பருப்பு அரைச்சது காணாது. யாரு இப்ப மாஸ்டரு?”

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை.

“மஞ்சூரியன் ஆறுது. பேசாம தின்னுங்க.”