பட்டறை மாமா

கேமரன் மலையில், தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ, பழைய ஃபோக்ஸ்வேகன் கொம்பி ஒன்று பட்டறைக்குள் நுழைந்தால் மெக்கானிக்குக்கு முன்பே மாமா ஆஜர். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கருகிய கிளச் நாற்றம்தான் அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்த அழைப்பு.

கொழுந்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தைத் தன் கையாலேயே நட்டவர்போலப் பேசுவார். சொந்தமாக ஒரு லேண்ட் ரோவரும் உண்டு. இப்போது அதில் கோழிகள் அடைகின்றன.

"தம்பி, தாப்பாவிலேருந்து கிளச்சை மிதிச்சுக்கிட்டேதானே வந்தீங்க?"

கூரையில் சர்ஃப் பலகை கட்டிக்கொண்டு 1,440 மீட்டர் உயரத்துக்கு வந்திருக்கும் கோலாலம்பூர்க்காரர் தலையைக் குனிகிறார். ஏறக்குறைய 60 கிலோமீட்டரும் வளைவு; முன்னால் உரமூட்டை லாரி. அரைக் கிளச்சிலேயே ஊர்ந்தால் தட்டு கருகாமல் என்ன செய்யும்?

"லேண்ட் ரோவரா இருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்!"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். பழைய சீரிஸ் லேண்ட் ரோவரில் கிளச் மாற்ற, இருக்கைப் பெட்டி, தரைத் தகடு எல்லாம் கழற்றி கியர்பாக்ஸை நகர்த்த வேண்டும். வண்டியே பாதி பிரிந்துவிடும். கொம்பியில் பின்பக்கத்து எஞ்சினை ஜாக் வைத்து இறக்கினால் போதும். கியர்பாக்ஸோடு அதைப் பிணைக்கும் போல்ட்டே நான்குதான். மாமாவுக்கு இது தெரியாதா? ஆனாலும் 1948இல் பிறந்த வண்டியை 1950இல் பிறந்ததன் முன்னால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வராது.

ஸ்பேனரைத் தொடமாட்டார். எந்த ஸ்பேனர் என்று மட்டும் சொல்வார், அதுவும் மெக்கானிக் அதைக் கையில் எடுத்த பிறகு.

முழுக்க வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. புதுத் தட்டை மாட்டப்போகும் நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். "ஃப்ளைவீல் பின்னால ஆயில் சீல் கசியுதா பாருப்பா. ரிலீஸ் பேரிங்கையும் கையோட மாத்திடு." மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்க்கிறார். கசிகிறது! அப்படியே மூடியிருந்தால் எண்ணெய் ஏறிப் புதுக் கிளச்சும் வழுக்கும். மறுபடி எஞ்சினை இறக்க வேண்டியதுதான். அன்று முழுக்க மாமாவைக் கையில் பிடிக்க முடியாது.

பழைய வண்டியில் மலையேறுகிறவர்களே, ஏற்றத்தில் தயங்காமல் முதல் கியருக்கு மாறுங்கள், கிளச் மேலிருந்து காலை எடுங்கள். அப்படியும் கருகிவிட்டால், தே தாரிக் சொல்லும்போது மாமாவுக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். சீனி குறைச்சல்.