ஒரு சென்ட் புராணம்

இணைய விளம்பரத்தைத் தொடங்கிவைத்தவை பெரிய கம்பெனிகள்தான் என்று மார்க்கெட்டிங் வாத்தியார்கள் பாடம் நடத்துவார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். ஊரே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி முதல் கூச்சலைப் போட்டது ஒரு சின்னக் கடை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில், புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்திய வக்கீல் ஆபீஸ். அவர் லாரன்ஸ் கேன்டர், அம்மணி மார்த்தா சீகல். வருடம் 1994. (1978-லேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் சேல்ஸ் ஆள் சுமார் 400 பேருக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். அது பெரிய இடத்து விவகாரம், நமக்கு வேண்டாம்.)

அப்போது யூஸ்நெட் என்று ஒன்று இருந்தது. ஒரு குழுவில் கணிதம், ஒரு குழுவில் பூனை வளர்ப்பு என்று ஆயிரக்கணக்கான குழுக்கள். படித்தவர்கள் கூடி, படித்தவர்களுக்கே உரிய முறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 12 அன்று நம் தம்பதி ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டார்கள். 5,500-க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே நோட்டீஸ்: கிரீன் கார்டு லாட்டரி வருகிறது, இதுவே கடைசியாகவும் இருக்கலாம், எங்களிடம் வாருங்கள். அந்த லாட்டரிக்கு அப்போது விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, தபாலில் எழுதிப் போட்டாலே போதும் என்பது நோட்டீஸ் கண்டுகொள்ளாத விஷயம்.

பூனைக்காரர்களும் கணிதக்காரர்களும் சரித்திரத்தில் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். வந்து குவிந்த வசவு மின்னஞ்சல்களில், தம்பதிக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. நார்வேயில் ஒருவர் இவர்களுடைய நோட்டீஸ்களைத் தேடித்தேடி அழிக்கத் தனியாக ஒரு புரோகிராமே எழுதினார். தம்பதி அசரவில்லை. சில்லறைக் காசு செலவில் 1,00,000 டாலர் சம்பாதித்தோம் என்று மார்தட்டிக்கொண்டு, இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று அதே வருடம் புத்தகமும் போட்டார்கள். 1997-ல் டென்னஸி மாநிலம் கேன்டரின் வக்கீல் உரிமத்தைப் பறித்தது. சொல்லப்பட்ட காரணங்களில் அந்த நோட்டீஸும் ஒன்று. டிஜிட்டல் மார்க்கெட்டிங்கை மூன்றே நாளில் கற்றுத்தருவதாக இன்று யூடியூபில் கூப்பிடுகிறவர்களுக்கு ஆதி குருமார்கள் இவர்களே. முதலில் ஊரைக் கடுப்பேற்ற வேண்டும். பிறகு கடுப்பேற்றுவது எப்படி என்று வகுப்பு எடுக்க வேண்டும்.

அதே வருடம் அக்டோபர் 27-ல் பெரிய இடத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் ஒரு பேனர் மாட்டியது. மூன்று மாத வாடகை 30,000 டாலர். பார்த்தவர்களில் 100-க்கு 44 பேர் அதைக் க்ளிக் செய்தார்களாம். இன்றைக்கு 100-க்கு ஒருவர் க்ளிக் செய்தாலே ஏஜென்சிக்காரர்கள் பார்ட்டி வைப்பார்கள். அந்த 44 பேர் பொருள் வாங்கத் துடித்தவர்கள் இல்லை. அது என்ன கருமம் என்றே தெரியாமல் அமுக்கினவர்கள். அமுக்கினவர்களுக்கு உலக மியூசியங்களைச் சுற்றிக் காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தைத் தொட்டவனுக்கு நாலு நல்ல ஓவியம் பார்க்கக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

30,000 டாலருக்குச் சின்னக் கடைக்காரர் எங்கே போவார்? ஜியோசிட்டிஸுக்குப் போனார். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994-ல் தொடங்கிய கம்பெனி. இணையத்தில் பேட்டை பேட்டையாகப் பிரித்து இலவச மனை கொடுத்தார்கள், அதுவும் கதவிலக்கத்தோடு. சினிமாப் பைத்தியங்களுக்கு ஹாலிவுட், பறக்கும் தட்டு ஆசாமிகளுக்கு ஏரியா 51, சிறுதொழில்காரர்களுக்கு யுரேக்கா. ஆர்க்கிமிடிஸ் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு தெருவில் ஓடியபோது உடம்பில் துணி இல்லை என்பது ஏனோ யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தக் காலத்துக் கடைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்போம். முதலில் மேலிருந்து கீழாக, பல் தேய்க்கிற வேகத்தில் ஒரு படம் இறங்கும். பின்னணியில் நட்சத்திரங்கள் மின்னும் கறுப்பு வானம். அதன்மேல் மஞ்சள் எழுத்து, அதற்குக் கீழே படிக்கவே முடியாத சிவப்பு எழுத்து. நடுவில் மஞ்சள் பலகையில் ஒரு குட்டி மனிதன் மண்வெட்டியால் மண் அள்ளிக்கொண்டிருப்பான்: வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூன்று வருடம் கழித்துப் போனாலும் அதே மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருப்பான். பக்கத்தின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் மீட்டர், 000017. அதில் பாதி, மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கக் கடைக்காரரே வந்து போனது. ‘தள்ளுபடி’ என்ற சொல் மட்டும் அணைந்து அணைந்து எரியும். லூ மொன்டுல்லி என்ற நெட்ஸ்கேப் எஞ்சினியர் ஒரு மதுக்கடையில் வேடிக்கையாக எதையோ உளற, கூட இருந்தவர்களில் யாரோ இரவோடு இரவாக அதை எழுதி முடித்துவிட்டார். காலையில் உலகத்து எழுத்தெல்லாம் கண்சிமிட்டத் தயாராகிவிட்டது. டாஸ்மாக் வாசலில் எடுக்கப்படும் முடிவுகள் எதுவும் இந்த அளவுக்கு மனிதகுலத்தைப் பாதித்ததில்லை.

இலவசம் என்றால் சும்மாவா? 1998-ல் ஜியோசிட்டிஸ் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தன் முத்திரையை மிதக்கவிட்டது. பக்கத்தை எப்படி உருட்டினாலும் அதுவும் கூடவே வந்தது. குளிர்பானக் கம்பெனி நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு இலவசமாகப் போர்டு மாட்டித் தருமே, நாலு அடிக்குப் பாட்டில், அடியில் அரை ஜாணுக்கு ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’, அதே கணக்கு. 1999-ல் சுமார் 3.6 பில்லியன் டாலர் மதிப்புக்குப் பங்குகளைக் கொடுத்து யாஹூ அதை வாங்கியது. வாங்கிய கையோடு, இங்கே நீங்கள் எழுதிவைத்த எல்லாவற்றிலும் எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு புது விதியை நீட்டியது. குடித்தனக்காரர்கள் கொதித்தெழுந்து பக்கங்களை வெறுமையாக்கிப் போராட, யாஹூ பின்வாங்கியது. 2009 அக்டோபரில் பேட்டை மொத்தத்தையும் இடித்துத் தள்ளியது. அள்ளிக்கொண்டிருந்த குட்டி மனிதனையும் சேர்த்துத்தான்.

இடையில் டிரைபாட் என்ற இன்னொரு இலவச மனைக்காரர். கார் கம்பெனி ஒன்றின் விளம்பரம் விவகாரமான ஒரு பக்கத்தில் போய் உட்கார, கம்பெனிக்காரர்கள் பதறினார்கள். விளம்பரத்தைத் தனிச் சன்னலில் திறந்துவிட்டால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அங்கே வேலை பார்த்த ஈதன் சக்கர்மன் புரோகிராம் எழுதினார். பாப்-அப் பிறந்தது இப்படி. 2014-ல் மன்னிப்புக் கேட்டார். மனிதர் நல்லவர், மன்னிப்பையாவது தனிச் சன்னலில் திறக்காமல் விட்டார்.

இப்போது தலைப்புக்கு வருவோம். 1998-ல் கலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவர் கோடு டாட் காம் (GoTo.com) என்ற தேடுபொறியோடு வந்தார். தேடுகிற சொல்லுக்கு ஏலம் விடுவேன், யார் அதிகம் தருகிறாரோ அவர் கடை மேலே வரும், க்ளிக் விழுந்தால் மட்டும் காசு, குறைந்தபட்சம் ஒரு சென்ட். கற்றவர் சபை முகம் சுளித்தது. பதிலைக் காசுக்கு விற்பதா? சுளித்தவர்களில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவரும் உண்டு. விளம்பரத்தில் பிழைக்கிற தேடுபொறி விளம்பரக்காரன் பக்கம்தான் சாயும் என்று அதே 1998-ல் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே எழுதிவைத்தார்கள். பெயர்கள் செர்கேய் பிரின், லாரி பேஜ். 2000 அக்டோபரில் தங்கள் கூகுளில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கினார்கள், சுமார் 350 விளம்பரதாரர்களோடு. ஆரம்ப வாடிக்கையாளர்களில் ஒருவர், உயிருள்ள கல் இறால்களைப் பார்சலில் விற்றவர். 2002-ல் க்ளிக் ஏலத்துக்கும் இறங்கினார்கள். கிராஸின் கம்பெனி காப்புரிமை வழக்குப் போட்டது. அதற்குள் அதை யாஹூ வாங்கிவிட்டிருந்ததால், 2004-ல் கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்துச் சமாதானம் ஆனது. பின்னிணைப்பை யாரும் அதற்கப்புறம் படிக்கவில்லை.

ஏலத்தின் மகிமை, அதில் ஜெயிப்பது எப்போதும் ஏலம் விடுகிறவர். ஒரு சென்ட்டுக்குக் கிடைத்த சொல்லுக்குப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு சென்ட் கேட்பார், நம்மவர் மூன்று. கோடு டாட் காமில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று முடிவுக்குப் பக்கத்திலேயே விலை போட்டிருப்பார்கள். போட்டிக் கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மதியம் தூக்கம் வராதபோது நாலு க்ளிக் தட்டினால் எதிரியின் கல்லா காலி. விலை ஏறி ஏறி, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் ஒரு புற்றுநோயின் பெயருக்கு ஒரு க்ளிக் 50 டாலருக்கு மேல் போனது. வாங்கினவர்கள் டாக்டர்கள் இல்லை. நஷ்டஈட்டு வழக்குப் பிடிக்கிற வக்கீல்கள்.

2005-ல் இங்கிலாந்தில் அலெக்ஸ் டியூ என்ற 21 வயதுப் பையன் இந்த ஏலக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. காலேஜ் செலவுக்குப் பணம் வேண்டும். ஒரே ஒரு பக்கம், அதில் 10 லட்சம் பிக்சல், பிக்சல் ஒரு டாலர், குறைந்தது 100 வாங்க வேண்டும். குடும்பக் கல்யாண போட்டோவில் எல்லாத் தலையும் தெரிய வேண்டும் என்று நெருக்கியடித்து நிற்பதுபோல் கடைகள் ஏறின. கடைசி 1,000 பிக்சலை ஏலத்தில் 38,100 டாலருக்கு விற்று, மொத்தம் 10,37,100 டாலர் எடுத்தான். அந்தப் பக்கத்தின் இணைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 2017-க்குள் செத்துப்போயிருந்தது. பையன் காலேஜை விட்டுவிட்டான்.

நம் நாட்டுக்கு 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இணையத்தைக் கொடுத்தது. அடுத்த வருடம் தினேஷ் அகர்வால் இந்தியாமார்ட்டைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து விசாரணை மின்னஞ்சலில் வரும். பட்டியலில் இருந்த வியாபாரியிடம் கம்ப்யூட்டரே இருக்காது. அச்செடுத்து ஃபேக்ஸில் அனுப்புவார்கள். சிரிக்காதீர்கள், இந்தப் புராணத்தில் கடைக்காரருக்கு நிஜமாகவே ஆர்டர் போய்ச்சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. திருப்பூர், கரூர் பக்கம் வெப்சைட் மோகம் பிடித்தபோது சுழலும் பூமி உருண்டை, கைகுலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஓடுகிற வரவேற்பு வரி என்று ஐந்து பக்கம் கட்டித்தந்தார்கள். கட்டித்தந்த தம்பி டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு பெங்களூர் போய்விட்டான் என்று அண்ணாச்சிக்குத் தெரியவந்தது அடுத்த வருடம் புதுப்பிக்கிற அன்றுதான்.

2017-ல் கூகுளே கடைக்காரர்களுக்கு இலவச வெப்சைட் தர ஆரம்பித்தது. பெயர், போன் நம்பர், நாலு போட்டோ, பத்து நிமிஷ வேலை. 2024 மார்ச்சில் அத்தனையையும் மூடியது. மூடும்போது அனுப்பிய அறிவிப்பில், காசு வாங்கித் தளம் கட்டித்தருகிற வேறு நிறுவனங்களின் பட்டியல் இருந்தது. கூடவே ஒரு கரிசனம்: அந்தப் பக்கத்துக்கு நீங்கள் எங்களிடம் விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தால் அது நின்றுபோகும், புது முகவரியை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.