மாதிரி ரயில் கண்காட்சியில் ஆர்வலர் எதிர்பார்ப்பு: ஒரு வகைப்பாட்டு ஆய்வு

இங்கிலாந்தின் சிற்றூர்களில், தேவாலய மண்டபத்திலோ பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கிலோ, வாரக் கடைசியில் நடைபெறும் மாதிரி ரயில் கண்காட்சியைச் சிறுவர் கேளிக்கை என்று ஒதுக்குவது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. இத்துறைக்கெனத் தனிச் சங்கம் 1910-ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிறுவப்பட்டுவிட்டது என்பதும், அரங்கினுள் சிறுவரைக் காட்டிலும் நரைத்த தலைகளே மிகுந்து தென்படும் என்பதும் இதற்குச் சான்றாகும்.

கண்காட்சிக்கு வரும் ஆர்வலரின் எதிர்பார்ப்பு ஒப்புமை, ஓட்டம், கொள்முதல், தேநீர் என நால்வகைப்படும். இவற்றுள் கொள்முதலாவது, பழைய பெட்டியொன்றைப் பாதி விலைக்கு வாங்கி, வீட்டில் அதனினும் பாதி விலை சொல்லும் கலையாகும். தேநீர் தன்னளவிலேயே தெளிவானது. ஆதலின் இவ்விரண்டுக்கும் விரிவுரை வேண்டுவதில்லை.

ஒப்புமை என்பது மாதிரி, மூலத்தை அணுவளவும் பிசகாமல் ஒத்திருத்தல். பிரிட்டனில் பெருவழக்காயுள்ள ஓஓ அளவில் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் எனக் கொள்வதால், 4 அடி 8½ அங்குல அகலமுள்ள உண்மைப் பாதை 18.83 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஆனால் விற்பனையில் உள்ள தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டரே. சிறிய உடற்கூடுள்ள பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் இந்த அளவு உருவான காலத்து மோட்டார் அடங்காமையால் கூட்டைப் பெருக்கிவிட்டுப் பாதையைப் பழைய அளவிலேயே விட்டதன் விளைவு இது. குறைவை உண்மை அளவிற்குப் பெருக்கினால் ஏறத்தாழ 7 அங்குலம் வரும். இந்த ஏழு அங்குலத்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்ளும் அதே ஆர்வலர், விரைவு ரயிலின் முகப்பில் இரு மோதல் தாங்கிகளுக்கும் மேலாக ஒவ்வொரு விளக்கு இருப்பதற்கு மாறாக, ஊருக்கு ஊர் நின்று செல்லும் பாசஞ்சருக்குரிய ஒற்றை விளக்கு புகைபோக்கியடியில் இருக்கக் கண்டால், தேநீரைக் கீழே வைத்துவிடுகிறார். எல்லாரும் செய்யும் பிழை மரபு. ஒருவர் செய்யும் பிழையே பிழை என்பது இதனால் பெறப்படும்.

ஓட்டம் என்பது ரயில் இடையறாது வந்துகொண்டிருத்தல். இங்கே ஒரு முரண் எழுகிறது. மாதிரிக்கு மூலமான கிளைப் பாதையின் கடைசி நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சில வண்டிகளே வந்துபோயின. கால அட்டவணையை வழுவாது பின்பற்றினால், பார்வையாளர் காலை முதல் நண்பகல் வரை வெற்று நடைமேடையைப் பார்த்திருக்க நேரும். இதனைத் தவிர்க்கவே, வண்ணத் திரைக்குப் பின்னால் வண்டிகளை அடுக்கி மாற்றும் மறைவு யார்டு ஒன்றை அமைத்து, ஒன்று போனதும் மற்றொன்றை அனுப்புகின்றனர். நிலக்கரிச் சாம்பலின் நிறத்தில்கூடத் துல்லியம் கோருவோர் ஒருவரும் அன்றைய காத்திருப்பைக் கோருவதில்லை. எனவே ஒப்புமை பொருளுக்கே உரியது, காலத்துக்கு உரியதன்று என்க.

இந்நால்வகையிலும் அடங்காத, ஆர்வலர் வாய்விட்டுச் சொல்லாத ஐந்தாவது ஒன்றும் உண்டு, அது தடை. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே செல்வதால், அதில் படிந்த சிறு அழுக்கும் வண்டியை நிறுத்திவிடும். அப்போது வானிலிருந்து ஒரு பெருங்கை இறங்கி எஞ்சினை மெல்லத் தள்ளும். எஞ்சின்களை முன்சக்கரம், இயங்குசக்கரம், பின்சக்கரம் ஆகியவற்றின் எண்ணிக்கையால் குறிக்கும் முறைப்படி இக்கையை 0-5-0 என வழங்குவர். சக்கரங்கள் இணையிணையாகவே அமையுமாதலால் ஐந்து என்பது விரலையன்றிப் பிறிதொன்றைக் குறிக்க இயலாது. கை இறங்கிய மாத்திரத்தில் தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நிற்போர் முகம் மலர்வதும், சக்கரத்தைத் துடைக்கும் முறை பற்றி அறிவுரைகள் பல திசையிலிருந்தும் புறப்படுவதும் கண்கூடு. பழுதின்றி ஓடும் மாதிரி அமைப்புக்குத் தலையசைப்பு ஒன்றே கிட்டுகிறது. பழுதுற்றதற்கோ கூட்டமும் உரையாடலும் கிட்டுகின்றன.

ஆகவே, ஆர்வலர் எதிர்பார்ப்பது குறையற்ற காட்சியை அன்று, தாம் கண்டுபிடித்துச் சொல்லத்தக்க ஒரு குறையையே என்பது இவ்வாய்வின் முடிபு. கண்காட்சி நடத்துவோர், எல்லாம் செவ்வனே அமைந்துவிடும் ஆபத்து நேருமாயின், கதவு திறக்குமுன் ஏதேனும் ஓர் எஞ்சினின் விளக்கையாவது இடம் மாற்றி வைத்தல் நலம்.