வேப்பமர நிழல்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 2012 முதல் ஒரு வரி. ஊழியர் வண்டிகளுக்கு 11 இடமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் அலுவலகம், இடத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்ட வேண்டும். வரி போட்ட மாநகராட்சிக்கும் விலக்கில்லை. வசூல் டிராமுக்குப் போகிறது.

நம்மூர் நகராட்சி மேலாளரிடம் சொன்னேன். "பஸ்ஸில் வரலாமே, சார்?"

"வந்தால் வேப்பமர நிழலை வேறொருத்தர் பிடிச்சுக்குவாரே!"

அவர் வீடு அடுத்த தெரு. எட்டு மணிக்கே காரைக் கொண்டுவந்து நிழலில் போட்டுவிட்டுத் திரும்பிப்போய், குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு நடந்தே வருகிறார். (பாதிக் கொள்கை நிறைவேறிவிட்டதே!)

வெளியே, சொத்து வரி கட்ட வந்தவரின் ஸ்கூட்டருக்குப் போக்குவரத்துக் காவலர் அபராதம் போட்டுக்கொண்டிருந்தார்.